சாம்பல் படியும் வயல்கள்: வாசகர் கேள்வி – பதில்

அனல் மின் நிலையச் சாம்பல், அதிலிருந்து மண்ணில் சேரும் உலோகங்கள் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஊருக்கு மேற்கே அனல் மின் நிலையம் இருக்கிறது. ஆடிக் காற்றில் கத்தரி, வெண்டை இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இதிலுள்ள ஈயமும் காட்மியமும் நெல்லுக்குள் போய்விடாதா? எத்தனை தூரம் வரை பயப்பட வேண்டும்?
– வாசகர், கொள்ளிடக் கரை

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். கொதிகலனின் வெப்பத்தில் நிலக்கரியிலுள்ள உலோகங்கள் மூன்று வழியாகப் பிரிகின்றன. இரும்பு, அலுமினியம் போன்றவை சாம்பலிலேயே தங்கிவிடும். ஆர்சனிக், காட்மியம், ஈயம், செலினியம் ஆகியவை ஆவியாகி, புகை ஆறும்போது மிக நுண்ணிய சாம்பல் துகள்களின் மேல் படியும். பாதரசத்தில் பெரும்பகுதி வாயுவாகவே வெளியேறும்.

புகைபோக்கிக்கு முன்னால், மின்புலத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் மின்வடிப்பான் இருக்கிறது. அது எடைக் கணக்கில் 99 சதவீதத்துக்கு மேல் சாம்பலைப் பிடித்துவிடும். தப்பிப் போவது பெரும்பாலும் மிக நுண்ணிய துகள்கள். உலோகம் செறிந்திருப்பதும் அவற்றில்தான். அவை பல பத்து கிலோமீட்டர் பரவி, எங்கும் மெலிதாக இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கத்தரி இலையில் விரலால் தடவினால் ஒட்டுகிற சாம்பல் பெரும்பாலும் புகைபோக்கியிலிருந்து வந்ததல்ல. காய்ந்துபோன சாம்பல் குட்டை (நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரோடு தேக்கி வைக்கும் இடம்), மூடாமல் ஓடும் லாரி, சாம்பல் ஏற்றும் இடம் ஆகியவற்றிலிருந்து காற்று வாரிக் கொண்டு வந்தது. அது சில கிலோமீட்டருக்குள் இறங்கிவிடும். குட்டையை நனைத்து வைப்பதும் லாரிக்குத் தார்ப்பாய் போடுவதும் உடனே செய்யக்கூடிய வேலைகள் என்பதால், புகார் எழுதும்போது இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மண்ணில் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 8.5 லட்சம் கிலோ. சாம்பலில் கிலோவுக்கு 40 மி.கி. ஈயம் இருப்பதாக வைத்தால், ஒரு டன் சாம்பலில் 40 கிராம். மண்ணின் ஈய அளவு கிலோவுக்கு 1 மி.கி. கூட வேண்டுமானால் 850 கிராம் ஈயம், அதாவது ஏறக்குறைய 21 டன் சாம்பல் அந்த ஏக்கரில் விழ வேண்டும். ஒரு பருவத் தூசியால் அது நடக்காது. பல ஆண்டுப் படிவு, குட்டை உடைப்பு, லாரியில் கொண்டுவந்து கொட்டுவது ஆகியவைதான் மண்ணை மாற்றும்.

நெல்லைப் பொறுத்தவரை, ஈயம் வேரிலேயே நின்றுவிடும். நெல்மணிக்குள் ஏறுவது மிகக் குறைவு. ஏறக்கூடியவை காட்மியமும் ஆர்சனிக்கும். கீரையிலும் கத்தரியிலும் கவலை வேறு: இலை மேல் இருக்கும் தூசி அப்படியே வாய்க்குப் போகிறது. மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீர் கலங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றின் திசையையும் கணக்கில் சேருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று, ஆகவே நிலையத்துக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் படிவு கூடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றில் தெற்கும் தென்மேற்கும் மாட்டிக்கொள்ளும்.

மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. அப்படியானால் என் நிலத்தில் உலோக மாசு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

எடுத்துக்கொள்ள முடியாது. அட்டையில் இருப்பது கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்து (பொட்டாஷ்), கந்தகம், போரான், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு. காட்மியம், ஈயம், ஆர்சனிக், பாதரசம், நிக்கல், குரோமியம் எதுவும் அதில் கிடையாது. வழக்கமான மண் பரிசோதனை பயிருக்கு எது போதவில்லை என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது. உலோக மாசுக்கு மாதிரி எடுக்கும் முறையே வேறு.

வயலில் மட்டும் மாதிரி எடுத்தால் விடை கிடைக்காது. சேற்றுழவில் மேல்மண் 15 செ.மீ. வரை கலந்துவிடுகிறது. மேலே விழுந்தது அடியில் கரைந்து போனதுபோல் தெரியும். ஆகவே இரண்டு வகை மாதிரி வேண்டும்.

ஒன்று, காற்றில் வந்து படிந்ததா என்று அறிய. பல ஆண்டுகளாக உழாத இடம் பாருங்கள்: பழைய தென்னந்தோப்பு, குளக்கரை மேடு, புறம்போக்கு. மேல் புல்லையும் சருகையும் கையால் விலக்கி, 0–5 செ.மீ. மண்ணைத் தனியாகவும், அதே குழியில் 30–45 செ.மீ. மண்ணைத் தனியாகவும் எடுங்கள். அடிமண்தான் அந்த இடத்தின் இயற்கை அளவைச் சொல்லும். கீழே இருக்கும் மண்ணை முதலில் எடுங்கள். மேல்மண் உதிர்ந்து குழிக்குள் விழுந்தால் இரண்டு மாதிரியும் கெட்டுவிடும்.

இரண்டு, பயிருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று அறிய. வயலில் 0–15 செ.மீ. ஆழத்தில், வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 12 இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுத்து ஒன்றாகக் கலக்கவும். நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மாதிரி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்தான் பாதி அறிக்கைகளைக் கெடுக்கின்றன. துத்தநாகம் பூசிய வாளி, பெயின்ட் அடித்த மண்வெட்டி, பித்தளைச் சல்லடை மூன்றும் ஆகாது. துத்தநாகமும் ஈயமும் தாமிரமும் கருவியிலிருந்தே மண்ணில் ஏறிவிடும். எவர்சில்வர் கரண்டியோ மூங்கில் சிம்போ போதும். சலிக்க 2 மி.மீ. நைலான் வலை. சாலையோரம் கூடாது: 2000-ம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்படும்வரை விழுந்த ஈயம் இன்னும் அங்கேயே இருக்கிறது, டயர் தேய்ந்து துத்தநாகமும் சேர்கிறது. எருக்குழி, மின்மாற்றி, பம்புசெட் கொட்டகை அருகிலும் வேண்டாம். உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சம்பா அறுத்து, நிலம் காய்ந்த மாசி, பங்குனி நல்ல நேரம். நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் உலர்த்தினால் பாதரசம் போய்விடும்.

ஆய்வகம் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசியத் தரச் சான்று வாரியம்) அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும். அமிலத்தில் கரைத்து எடுக்கும் மொத்த அளவு, டி.டி.பி.ஏ. கரைசலில் வரும் பயிருக்குக் கிட்டும் அளவு என்று இரண்டையும் கேளுங்கள். ஆர்சனிக், பாதரசம், செலினியம் மூன்றுக்கும் தனி முறை உண்டு, கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள். இரும்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

தென்னந்தோப்பு மண்ணைச் சோதித்தோம். மேல்மண்ணில் கிலோவுக்கு குரோமியம் 105, நிக்கல் 50, ஈயம் 30, காட்மியம் 0.4 மி.கி.; இரும்பு 3.6 சதவீதம். அடிமண்ணில் குரோமியம் 120, நிக்கல் 57, ஈயம் 14, காட்மியம் 0.2, இரும்பு 4.2 சதவீதம். குரோமியம் நூறைத் தாண்டிவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள்.
– வாசகி, பாபநாசம் வட்டம்

பதற வேண்டியது குரோமியத்துக்கு அல்ல. ஒவ்வொரு உலோகத்தையும் அதே மாதிரியின் இரும்பால் வகுத்துப் பாருங்கள். களி அதிகமான மண்ணில் எல்லா உலோகமும் இயற்கையாகவே கூடுதல். இரும்பால் வகுத்தால் அந்த வேறுபாடு அடிபட்டுப் போகும்.

குரோமியம்: மேலே 105 வகுத்தல் 3.6, அதாவது 29.2. கீழே 120 வகுத்தல் 4.2, அதாவது 28.6. இரண்டும் ஒன்றே. நிக்கலும் அப்படித்தான், 13.9-க்கு 13.6. மேலிருந்து எதுவும் வந்து சேரவில்லை, அந்த வண்டலோடு பிறந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மக்னசைட் இருக்கும் பாறை வகையில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே மிகுதி. காவிரி அரித்துக் கொண்டுவரும் வண்டலில் இப்படிப்பட்ட பாறைகளின் பங்கும் உண்டு. மண்ணில் இயற்கையாக இருப்பது எளிதில் கரையாத மூவிணை குரோமியம். தோல் ஆலைக் கழிவோ சாயக் கழிவோ கலக்கும் இடமாக இருந்தால் மட்டும், எளிதில் கரையும் நச்சு வகையான ஆறிணை குரோமியத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈயத்தைப் பாருங்கள்: 8.3-க்கு 3.3, இரண்டரை மடங்கு. காட்மியம் 2.3 மடங்கு. இவை இரண்டும் மேலிருந்து வந்தவை. ஆனாலும் அளவு பெரிதல்ல. கழிவுச் சேறு இடப்படும் நிலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு ஈயத்துக்கு 50–300, காட்மியத்துக்கு 1–3 மி.கி. நீங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள். இப்போது தேவை, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது.

வந்தது சாம்பலா, வேறா? சாம்பலாக இருந்தால் ஆர்சனிக், செலினியம், போரான் மூன்றும் ஈயத்தோடு சேர்ந்தே கூடியிருக்கும். காட்மியம் மட்டும் கூடி மற்றவை கூடவில்லை என்றால் பாஸ்பேட் உரத்தைச் சந்தேகியுங்கள். அதன் மூலப்பொருளான பாறையிலேயே காட்மியம் உண்டு. மட்டமான ஜிங்க் சல்பேட்டும் ஈயமும் காட்மியமும் கொண்டுவரும். உரக் கட்டுப்பாட்டு ஆணை அதில் ஈயம் 0.003, காட்மியம் 0.0025 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. பில்லோடு வாங்குங்கள்.

பக்கத்துக் கல்லூரியில் நுண்ணோக்கி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு கரண்டி மேல்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பாலிதீன் உறைக்குள் காந்தத்தைப் போட்டு அதில் துழாவுங்கள். உறையில் ஒட்டும் கருந்துகள்களைக் கழுவி, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். ஆற்று மணலிலும் கரும்பொடி வரும். அது முனை முறிந்து கோணல்மாணலாக இருக்கும். உலையில் உருகி உறைந்த சாம்பல் துகள் நல்ல உருண்டையாக, பளபளவென்று கண்ணாடி மணிபோலத் தெரியும். அடிமண்ணில் அந்த உருண்டைகள் இல்லாமல் மேல்மண்ணில் மட்டும் இருந்தால் ஆதாரம் வலுவானது. புகாரோடு அந்தப் படத்தையும் இணையுங்கள்.

மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் காவிரி வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வருமா? தூர்வாரிய மண்ணை வயலில் போடலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

உலோகம் ஆற்றில் பெரும்பாலும் நுண்வண்டலோடு ஒட்டிக்கொண்டுதான் நகரும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதல் மாயனூர் வரை கதவணைகள் இருக்கின்றன. வண்டலில் ஒரு பகுதி அங்கேயே தங்கும். வழியில் பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் கலந்துவிடுவதால், கடைமடையில் கிடைக்கும் ஒரு எண்ணை வைத்து இன்ன ஆலை என்று சொல்ல முடியாது. தூர்வாரிய மண்ணில் மணல் மிகுந்திருந்தால் கவலை குறைவு. கறுத்த, வழவழப்பான களியாக இருந்தால் உலோகம் அதில்தான் சேரும். சோதித்துவிட்டுப் போடுங்கள்.

ஆர்சனிக்கைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யச் சொல்கிறார்கள். காட்மியத்துக்கு வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று படித்தேன். எதைச் செய்வது?
– வாசகர், நீடாமங்கலம்

இரண்டும் உண்மை. தண்ணீர் நின்று மண்ணில் காற்று இல்லாமல் போனால், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகிவிடும். அதே நேரத்தில் இரும்புத் துரு கரைந்து, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் வெளியே வரும். நெற்பயிர் சிலிக்கா எடுக்கும் பாதையிலேயே அதை உறிஞ்சிக்கொள்ளும். நிலம் காய்ந்தால் தலைகீழ்: ஆர்சனிக் மீண்டும் துருவில் ஒட்டும், சல்பைடு கரைந்து காட்மியம் விடுபடும். ஆகவே உங்கள் நிலத்தில் எது பிரச்சினை என்று தெரியாமல் நீர் நிர்வாகத்தை மாற்றாதீர்கள். நெல் மணியைச் சோதிப்பதே நேர்வழி. பச்சரிசி, புழுங்கலரிசி எதுவானாலும் தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.4, கனிம ஆர்சனிக் 0.2 மி.கி.

காட்மியம்தான் என்றால்: கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வந்த பின் மூன்று வாரம் வரை 3 முதல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். ஜப்பானில் காட்மியம் உள்ள வயல்களில் இதைத்தான் செய்கிறார்கள். நம் ஊர்ச் சிக்கல், ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடும் நாள். பின்தங்கி நட்ட தாளடி அப்போதுதான் பால் பிடிக்கும். அப்படிப்பட்ட வயலில் குறைந்த வயதுள்ள ரகத்தை வைத்து, கதிர்ப் பருவத்தை முன்னால் கொண்டுவாருங்கள். அல்லது ஆழ்குழாய்த் தண்ணீருக்கு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் துத்தநாகப் பற்றாக்குறையையும் தீர்க்கும், காட்மியத்தோடு போட்டியிட்டு அது வேரில் நுழைவதையும் குறைக்கும்.

ஆர்சனிக்தான் என்றால்: 30 செ.மீ. நீளத் துளையிட்ட குழாயை 15 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, உள்ளே தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். வைக்கோலையும் உமிச் சாம்பலையும் நிலத்துக்கே திருப்பினால் சிலிக்கா கூடி ஆர்சனிக் நுழைவது குறையும். ஆனால் பச்சையாக மடக்கி உழுத வைக்கோல் நிற்கும் தண்ணீரில் அழுகினால் ஆர்சனிக்கை இன்னும் கிளப்பிவிடும். மட்கவைத்துப் போடுங்கள்.

சுண்ணாம்பு போடச் சொல்லும் யோசனை அமில மண்ணுக்கானது. பழைய டெல்டாவின் களிமண் பெரும்பாலும் ஏற்கெனவே காரப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே சுண்ணாம்பால் காட்மியத்தில் பெரிய மாற்றம் வராது, துத்தநாகப் பற்றாக்குறைதான் முற்றும்.

திருமக்கோட்டை பக்கம் இருக்கிறோம். எரிவாயு மின் நிலையத்தாலும் இப்படிச் சாம்பல் வருமா?
– வாசகி, மன்னார்குடி வட்டம்

வராது. எரிவாயுவில் சாம்பல் இல்லை. மண்ணுக்கு உலோகம் சேர்வதும் இல்லை என்றே சொல்லலாம்.

லாரியில் நிலக்கரிச் சாம்பல் இலவசமாகத் தருகிறார்கள். பள்ளமான வயலை மேடாக்கப் போடலாமா? களிமண் பொலபொலப்பாகும் என்கிறார்கள்.
– வாசகர், குத்தாலம்

இலவசமாக வருவதற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பர் 31 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கைப்படி மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதை இறக்கி வைக்க இடம் தேடுகிறார்கள்.

களிமண் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான். ஆனால் புதுச் சாம்பலில் கரையும் போரானும் உப்பும் இருக்கிறது. உளுந்து, பயறு, எலுமிச்சை போரானைத் தாங்காது. இலையின் நுனியும் ஓரமும் பழுத்துக் கருகும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பும் சேர்ந்திருப்பதால், ஏற்கெனவே காரமான உங்கள் மண் இன்னும் காரமாகும். டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் காலடியிலேயே நிற்கிறது. பள்ளத்தில் கொட்டிய சாம்பல் மாதக்கணக்கில் ஊறி, ஆர்சனிக்கும் செலினியமும் அந்தத் தண்ணீரில் இறங்கும். அடி பம்பு பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வயலை மேடாக்க வண்டல் மண் எடுங்கள். சாம்பல் கல்லால் வீடு கட்டுவது பற்றிக் கேட்டால், தாராளமாகக் கட்டலாம். உலோகம் கல்லுக்குள் கட்டுண்டுவிடும். அறுக்கும்போது மட்டும் தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சாம்பல் குட்டைக் கரை உடைந்து வயலில் சேறு படிந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பெயர் வெளியிட விரும்பவில்லை

உழாதீர்கள். முதல் வேலை அதுதான். மேலே கிடக்கும் வரை அள்ளிவிடலாம். ஒரு சால் உழுதுவிட்டால் அது உங்கள் மண்ணாகிவிடும்.

மடையை அடைத்து, பக்கத்து வயலுக்குப் போகாமல் நிறுத்துங்கள். பத்து இடத்தில் அளவுகோலை ஊன்றி, எண் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். சாம்பலில் ஒரு கிலோவும், நிற்கும் தண்ணீரில் ஒரு லிட்டரும் எடுத்து வையுங்கள். உலோகச் சோதனைக்கான தண்ணீரில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், பாட்டிலை ஆய்வகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், வேளாண் அலுவலர் மூவருக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சுற்றுச்சூழல் தகராறாகக் கொண்டுபோக ஆறு மாதம்தான்.

அதிகாரிகள் பார்த்த பிறகு வழித்தெடுங்கள். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. படிந்தாலே 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). குழைவாக இருக்கும்போது அள்ளினால் மண்ணோடு பிசையும், காய்ந்தால் பறக்கும். மிதித்தால் கால் தடம் பதிந்து, கால் அமிழாத பதத்தில் அள்ள வேண்டும். அடியில் ஒரு விரற்கடை மண்ணும் சேர்ந்து வரட்டும். இந்தச் செலவு கரையைச் சரியாக வைக்காதவர்களுடையது. பில்லை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீர் கட்டி இரண்டு மூன்று முறை வடித்தால் உப்பும் போரானும் குறையும். அடுத்த பருவத்துக்கு உளுந்து வேண்டாம், நெல் வையுங்கள்.

சூரியகாந்தி போட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?
– வாசகர், பட்டுக்கோட்டை

கிலோவுக்கு 30 மி.கி. ஈயம் உள்ள ஒரு ஏக்கர் மேல்மண்ணில் மொத்தம் சுமார் 25 கிலோ ஈயம் இருக்கிறது. சூரியகாந்தி 5 டன் காய்ந்த தட்டை கொடுத்து, அதில் கிலோவுக்கு 20 மி.கி. ஈயம் ஏறினாலும் ஒரு பயிருக்கு 100 கிராம்தான் வெளியே போகும். பாதியைக் குறைக்கவே நூற்றுக்கு மேற்பட்ட பருவம் ஆகும். அந்தத் தட்டையையும் எரிக்கவோ மாட்டுக்குப் போடவோ கூடாது. குட்டைக் கரையிலும் வரப்பிலும் வெட்டிவேர் வைத்தால் சாம்பல் அரித்துக்கொண்டு வராமல் தடுக்கும். அந்த வேலைக்கு அது நல்ல செடி.

நெல்லில் ஆர்சனிக் கொஞ்சம் கூடுதல் என்று அறிக்கை வந்திருக்கிறது. வீட்டுக்கு வைத்த நெல்லை என்ன செய்வது?
– வாசகி, திருவையாறு

ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம். ஆகவே இந்த நெல்லை மட்டும் கைக்குத்தலாக வைக்காமல் நன்றாகத் தீட்டுங்கள். அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைக்காதீர்கள். அரிசியை நாலைந்து தண்ணீரில் களைந்து, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு வடியுங்கள். கனிம ஆர்சனிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கஞ்சியோடு போய்விடும். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தால் அத்தனையும் சோற்றிலேயே தங்கும். வடித்த கஞ்சியைக் குடிக்கவும் வேண்டாம், கழுநீர்த் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். உலைத் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால், வடிப்பதால் பயன் இருக்காது.